அலுப்பு தீர எவ்வளவு நேரம்?

நாங்குநேரி தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவருக்குத் தன் கடைசி வேலைநாள் எது என்று முன்கூட்டியே தெரியும். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அதே தாலுகாவில் குளத்துக் கரையில் மண் சுமக்கிற பெண்ணுக்கும், களக்காட்டுப் பக்கம் ஏத்தன் வாழைத்தாரைத் தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்குச் சுமந்து வருகிறவருக்கும் அப்படி ஒரு தேதி கிடையாது. முழங்கால் மடங்க மறுக்கிற நாள்தான் அவர்களுக்கு ரிட்டயர்மெண்ட்.

இப்படிப்பட்டவர்கள் கொஞ்சப்பேர் அல்ல. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000-க்கும் அதிகமானவர்களிடம் 2017-18-இல் எடுக்கப்பட்ட 'லாசி' எனும் இந்திய முதுமை ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதைக் காட்டியது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 2021-க்கான கணிப்பின்படி 13.6 சதவீதம். இந்த வரிசையில் நமக்கு மேலே இருந்த பெரிய மாநிலம் கேரளம் மட்டும்தான். வயதானவர்கள் வேலை செய்யலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது, அது நடந்து முடிய எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேலை செய்யும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அட்ரினலினும் கார்ட்டிசாலும் கூடுகின்றன, தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. இவற்றில் எதுவும் நோய் கிடையாது. வேலையை நிறுத்தியதும் ஒவ்வொன்றும் பழைய நிலைக்குத் திரும்பும். நாடித்துடிப்புக்குச் சில நிமிடங்கள் போதும், ஹார்மோன்களுக்குச் சில மணி நேரம், தசைக்கு ஓரிரு நாள். நெதர்லாந்தைச் சேர்ந்த மெய்மன், முல்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார்கள். வேலையின் சுமை தனியாகக் கெடுதல் செய்வதில்லை; பழைய நிலைக்குத் திரும்பி முடிப்பதற்குள் அடுத்த சுமை ஏறினால் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும், அந்த மிச்சம்தான் பின்னால் நோயாகிறது என்பது அதன் சாரம். ஊறுவதற்குள் இறைத்தால் கிணறு என்ன ஆகும் என்று நாங்குநேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஊற்று சிறுத்துவிடுகிறது; இறைக்கிற வாளியின் அளவோ அப்படியே இருக்கிறது.

வாளி அப்படியே இருக்கிறது என்பது அளந்து பார்த்துக் கண்டது. பின்லாந்தில் 1981-இல் நகராட்சி ஊழியர்கள் 6,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு தொடங்கியபோது அவர்களுக்கு வயது 44 முதல் 58. யுஹானி இல்மாரினென் என்பவர் முன்னின்று நடத்திய அந்த ஆய்விலிருந்துதான் 'வேலைத்திறன் குறியீடு' என்று இன்று உலகமெங்கும் பயன்படும் அளவுகோல் பிறந்தது. உடலின் திறன் வயதோடு குறைகிறது, வேலை கேட்கிற உழைப்பு குறைவதில்லை என்பதை அந்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இருபத்தைந்து வயதில் தூக்கிய அதே சட்டி மண், அறுபத்தைந்திலும் அதே எடைதான்.

இதைக் கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒருவரின் உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. முப்பது வயதில் 36 அலகு இருந்தவருக்கு அறுபதில் ஏறக்குறைய 26 அலகு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மண்வெட்டி வேலைக்கு 12 அலகு தேவை. முப்பது வயதில் அது முழுத்திறனில் மூன்றில் ஒரு பங்கு; அறுபதில் கிட்டத்தட்டப் பாதி. எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்யும் வேலை அதிகபட்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உடலியல் நூல்கள் சொல்லும் பொதுவான வரம்பு. ஆக, ஒரே கரையில் ஒரே சட்டியைச் சுமக்கும் மருமகள் வரம்புக்குள் இருக்கிறாள், மாமியார் வரம்பைத் தாண்டிவிட்டார். பார்ப்பவர் கண்ணுக்கு இருவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு ஊரில் எப்போதும் தயாராக இருக்கும்: "அதெல்லாம் அந்தக் காலத்து உடம்பு, அறுபத்தஞ்சு வயசுலயும் கல்லு மாதிரி இருக்காக." இருக்கிறார்கள்தான். ஆனால் கரைக்கு வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை. 12,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டு 1998-இல் தொடங்கிய மாஸ்ட்ரிக்ட் ஆய்வில், வேலை முடிந்தபின் ஓய்வுக்கான தேவை வயதோடு ஏறிக்கொண்டே போய், ஐம்பதுகளின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. வயதானால் அலுப்பு குறையும் என்றா இதற்குப் பொருள்? முடியாதவர்கள் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் வலுவானவர்கள். கல்லு மாதிரி இருப்பவரைக் காட்டி வாதம் செய்கிறவர், திண்ணையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அலுப்பு தீராமலே போனால் என்ன ஆகும்? பின்லாந்து ஆலை ஊழியர்கள் 788 பேரிடம் 1970-களில் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: வார விடுமுறை முடிவதற்குள் வேலை அலுப்பு தீர்ந்துவிடுகிறதா? அப்போது அவர்களில் யாருக்கும் இதயநோய் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் பின்தொடர்ந்து பார்த்ததில், அரிதாகத்தான் தீர்கிறது என்று சொன்னவர்கள் இதய, ரத்தநாள நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 2006-இல் வெளியான இந்த முடிவை அவசரப்பட்டு விளக்கக் கூடாது. அலுப்பு தீராததால் இதயம் கெட்டிருக்கலாம். இதயம் மெல்ல மெல்லக் கெட ஆரம்பித்ததால்தான் அலுப்பு தீராமலும் இருந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தும் திங்கட்கிழமை காலை உடம்பு கனக்கிறது என்று அறுபது வயதுக்காரர் சொன்னால், "வயசாச்சுல்லா" என்று தள்ளிவிடாமல் ரத்த அழுத்தம் பார்த்துவிடுவது நல்லது.

கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் வேலைத் தளத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஹார்வர்டின் களைப்பு ஆய்வகத்தில் பணியாற்றிய லூசியன் ப்ரூஹா உருவாக்கியது. வேலையை நிறுத்தி உட்கார்ந்ததும், முதல் நிமிடத்தின் பின்பாதியில் நாடியை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தின் பின்பாதியில் மறுபடி எண்ண வேண்டும். முதல் எண் 110-க்குள் இருந்து, மூன்றாவது நிமிடத்தில் அதிலிருந்து குறைந்தது 10 துடிப்பாவது இறங்கியிருந்தால் வேலை உடம்புக்கு அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். இறங்கவில்லை என்றால் அந்த வேலை, அந்த வெயில், அந்த ஆளுக்கு அதிகம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அம்மருந்துகள் துடிப்பைத் தாமே அடக்கி வைத்திருக்கும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. 180-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணைத் தாண்டி இதயம் பல நிமிடங்கள் துடித்துக்கொண்டிருந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். அறுபத்தைந்து வயதுக்கு அது 115.

நாங்குநேரியின் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. காற்று அடிப்பதால் வேர்வை தோலில் தங்காமல் உடனே காய்ந்துபோகும். வேர்க்கவே இல்லை என்று தோன்றும், ஆனால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வயதான உடம்பில் தாக உணர்வும் மழுங்கிவிடுகிறது. எவ்வளவு இழந்தோம் என்று அது சரியாகச் சொல்லாது. தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்றும் திறனும் குறைவு. போதாக்குறைக்கு, ஒதுங்க இடமில்லாத வேலைத் தளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் உப்பளங்களிலும் பிற வேலைத் தளங்களிலும் வெப்பம் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது என்று சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஆராய்ந்து வருகிறார்கள். வெப்பமும் நீர்க்குறைவும் நாள்தோறும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது என்பதை நம் அக்கம்பக்கத்து உதாரணங்களைக் கொண்டே காட்டும் ஆய்வுகள் அவை.

அதன்மேல் மாத்திரை. வேலை முடிந்து வருகிற வழியில் மெடிக்கலில் நின்று, "உடம்பு வலிக்குது, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்பது இங்கே டீ குடிப்பதுபோல் சாதாரணமாகிவிட்டது. அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை ஒன்று இருக்கும். அது வலியை எப்படிக் குறைக்கிறது? வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை உடம்பு உண்டாக்கவிடாமல் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வெயிலில் காய்ந்துவிட்டு வந்து மாத்திரை போடுகிறவர், சிறுநீரகத்துக்கு ரத்தம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதன் வாய்க்காலை அடைக்கிறார். ஏற்கெனவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்து, அழுத்தத்துக்குச் சிலவகை மாத்திரைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வலி போய்விட்டது என்பதால் மறுநாளும் அதே சுமையைத் தூக்குவார். ஓய்வு கேட்ட உடம்பின் வாயை அடைத்ததுதான் மிச்சம். ஆண்களில் பலர் மாத்திரைக்குப் பதில் டாஸ்மாக்கை நாடுகிறார்கள். குடித்தால் உடனே தூக்கம் வரும், உண்மை. பின்னிரவில் அந்தத் தூக்கம் துண்டுதுண்டாக உடையும் என்பதும் உண்மை.

தூக்கத்தின் கதை சுருக்கமானது. ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு நடுவயதிலேயே குறையத் தொடங்கி வயதோடு சுருங்குகிறது. உடலைச் செப்பனிடும் வளர்ச்சி ஹார்மோன் பெரிதும் சுரப்பது அந்த உறக்கத்தில்தான். சித்திரை, வைகாசி இரவில் பகல் சூட்டைக் கக்குகிற கான்கிரீட் கூரைக்குக் கீழே படுப்பவருக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்சமும் போய்விடும்.

சாப்பாட்டில் நெல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. வயதான தசை, புரதம் கிடைத்தாலும் இளம் தசைபோல அதை உடனே எடுத்துக்கொண்டு கட்டுவதில்லை. அதே அளவு கட்டுமானத்துக்குக் கூடுதல் புரதம் வேண்டும். முதியோர் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்தது. ஐம்பது கிலோ எடைக்கு 50 முதல் 60 கிராம். காலையில் பழைய சோறு, மதியம் சோறும் குழம்பும், ராத்திரி இட்லி என்றால் அந்த அளவு எட்டாது. உளுந்தில் நூறு கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இந்த மண்ணின் சாப்பாடு. உளுந்தங்களியைச் சமைந்த பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம். மண் சுமக்கிற ஆச்சிக்கும் அது வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியைக் குறைத்துக்கொள்ளட்டும், உளுந்தைக் குறைக்க வேண்டாம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

இனி வீடு. வேலைத் தளத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்கு வேலை முடிவதில்லை. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகக் காட்டுகிறது. இது உடம்புக்குள் எப்படித் தெரிகிறது என்பதை ஸ்வீடனின் மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் 1980-களில் வோல்வோ நிறுவனத்தில் அளந்தார். பகலில் ஆண் மேலாளருக்கும் பெண் மேலாளருக்கும் அழுத்த ஹார்மோன்கள் ஏறின. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஆண்களுக்கு இறங்கத் தொடங்கின, பெண்களுக்கு இறங்கவில்லை. வீட்டில் இன்னொரு ஷிப்ட் காத்திருந்தது. ஸ்வீடனில் கார் கம்பெனி மேலாளருக்கே இப்படி என்றால், சாயங்காலம் வந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டி, நாளைக்குக் கட்டவேண்டிய குழுக் கடன் தவணையையும் நினைத்துக்கொண்டு படுக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? வேலையை மனத்தளவிலும் விட்டு விலகினால்தான் ஓய்வு ஓய்வாகும் என்பது ஜெர்மானிய உளவியலாளர் சபைன் சொனன்டாக் பல ஆண்டுகளாக நிறுவிவரும் முடிவு. கடன் தவணை அப்படி விலகவிடாது.

எப்படி ஓய்வு கொடுப்பது என்பதில் அறிவியல் தெளிவாகப் பேசுகிறது. உட்கார்ந்த முதல் சில நிமிடங்களில்தான் உடம்பு வேகமாக மீள்கிறது; பிறகு வேகம் குறைகிறது. களைப்போ தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னால் பாய்ச்சலாகவும் ஏறுகிறது. அதனால் நான்கு மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்துவிட்டு ஒரு மணி நேரம் படுப்பதைக் காட்டிலும், முதல் மணி நேரத்திலிருந்தே அவ்வப்போது ஐந்து, பத்து நிமிடம் நிழலில் உட்காருவது நல்ல பலன் தரும். முடியாமல் போன பிறகு உட்காருவது காலம் கடந்த ஓய்வு. தொழிலாளர் மேல் இரக்கப்பட்டவர் என்று யாரும் சொல்லாத ஃபிரடெரிக் டெய்லரே இதைக் கண்டுகொண்டார். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் 1899-இல் 42 கிலோ இரும்புக் கட்டிகளைச் சுமப்பவர்களைப் பார்த்துவிட்டு, ஒருவர் வேலைநாளில் 43 சதவீத நேரம் மட்டுமே சுமையோடு இருக்கலாம், மீதி நேரம் கை வெறுமையாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அவர் சொன்ன கதையில் மிகை உண்டு என்று பின்வந்த வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் லாபக் கணக்குப் பார்த்தவரே ஓய்வைச் செலவாக எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் சட்டங்களிலும் இந்த அறிவு அங்கங்கே இருக்கிறது. ஊர் 'நூறு நாள் வேலை' என்று அழைத்த 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில், வேலைத் தளத்தில் குடிதண்ணீரும், குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழலும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதியோருக்கும் பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தனி வேலை அளவு வகுக்க வேண்டும் என்றும் பின்னால் சேர்த்தார்கள். நல்ல எழுத்து. ஆனால் கூலி, தோண்டிய மண்ணின் அளவைப் பொறுத்திருந்தது. குழுவாக அளக்கும்போது உட்காருகிற பாட்டியால் எல்லாருக்கும் கூலி குறையும் என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவர் உட்காரவில்லை. வருகைப் பதிவுக்கான செயலியில் இரண்டு வேளையும் போட்டோ எடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கியபோது, விடியற்காலைக் குளிர்ச்சியில் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பும் வாய்ப்பும் போனது.

கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. திருநெல்வேலி ஜவுளிக் கடைகளுக்குப் போகிறவர்கள், ஊழியர்கள் உண்மையிலேயே உட்கார்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள். இருபது வயதில் அது இனிக்கலாம். ஐம்பத்தைந்தில், பன்னிரண்டு மணி நேர வேலையும் போக்குவரத்தும் வீட்டு வேலையும் போக அன்றன்றைக்கு அலுப்பு தீர நேரமே மிஞ்சாது. நான்கு நாள் மிச்சத்தை ஐந்தாம் நாளில் மொத்தமாகத் தீர்க்க அந்த வயது உடம்பு ஒப்புக்கொள்ளாது. அந்தத் திருத்தம் திரும்பிப் போனது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வேலை கொடுக்கிறவர்கள், வேலையை அளக்கிறவர்கள், தோட்டக்காரர்கள், குத்தகைக்காரர்கள் எல்லாரிடமும் கேட்பது இது: அறுபது தாண்டியவரை வேலைக்கு வைத்தால் சுமையைக் குறைக்க முடியாவிட்டாலும் சுமைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கூட்டுங்கள், அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். வீட்டில் அப்படி உழைக்கிற அம்மாவோ அப்பாவோ இருந்தால், சாயங்காலம் அவர்கள் கையில் இருக்கிற வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று பையைத் திறந்து பாருங்கள். வலி மாத்திரை வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்துவிடுங்கள்.